கூடவே வரும் பெட்டி

மக்ளே,

உன்னைத் திருவனந்தபுரத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், களியக்காவிளை தாண்டியதுமே உன் அம்மா தூங்கிவிட்டாள். போகும்போது உன்னிடம் பேச நினைத்ததையெல்லாம் நான் வரும்போதுதான் பேசினேன், வண்டியை ஓட்டிக்கொண்டு, எனக்குள்ளேயே. போகும்போது எங்கே பேச முடிந்தது? நீ மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாய். அம்மா பின்சீட்டிலிருந்து "பாஸ்போர்ட் எடுத்தியா, சார்ஜர் எடுத்தியா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து ஒரு காப்பி குடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பில் தட்டினால் பாதி வாசித்துவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பி முடித்துவிடுவாய். அதனால் தாளில் எழுதி அதைப் படம் பிடித்து அனுப்புகிறேன். என் கையெழுத்தைப் புரிந்துகொள்வதற்காகவாவது மெதுவாக வாசிப்பாய் அல்லவா.

பெட்டியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சிரிக்காதே. இனி உன் வேலை பறந்து பறந்து செய்கிற வேலை. இன்று நீ இழுத்துக்கொண்டு போன பெட்டி இரண்டு மூன்று வருடத்தில் தேய்ந்துவிடும். அடுத்த பெட்டி வாங்க நீ எந்த ஊரில் எந்தக் கடைக்குள் நிற்பாயோ, அப்போது என் முழங்கால் என்னை எங்கே விட்டிருக்குமோ தெரியாது. நாம் பெட்டி வாங்கிய கடையில் என் வாயில் வராத சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை எழுதிவிட்டால் எனக்கு நிம்மதி.

உன் முதல் ஹாம்பர்க் பயணத்திலிருந்தே தொடங்குகிறேன். அது உனக்கு வலிக்கும் என்று தெரியும். ஆனால் நீ அதை நினைத்துக்கொள்கிற விதம் வேறு, நான் நினைத்துக்கொள்கிற விதம் வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலில் ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டு எழுந்திருந்தோம். உன் போன் வந்தது. "அப்பா, பெட்டி வரல்ல" என்றாய். வேறு எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டாய். அந்த மூச்சு எனக்குத் தெரியும் மக்ளே. எல்லோருடைய பெட்டியும் வந்து, எல்லோரும் போய், அந்த ரப்பர் பட்டை மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்க, அதன் முன்னால் கடைசியாக நிற்கிறவர்கள் விடுகிற மூச்சு அது.

நடுவில் விமானம் மாறும் இடத்தில் உன் பெட்டி தவறிவிட்டது. சாம்பல் நிறக் கோட்டும் கால்சட்டையும், இரண்டு வெள்ளைச் சட்டையும், கறுப்பு ஷூவும், எல்லாம் அதற்குள். நீ உடுத்தியிருந்தது ஒரு தொளதொளத்த பேன்ட்டும் பூனைப் படம் போட்ட மஞ்சள் டீ-ஷர்ட்டும். இரவு முழுக்க உட்கார்ந்து போகிற பயணத்துக்கு அதுதானே சுகம். மறுநாள் காலையில் கூட்டம். நான் பெரிய புத்திசாலி மாதிரி, "கடையில ஒண்ணு வாங்கிக்க மக்ளே" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை இங்க ஒரு கடையும் தொறக்காதுப்பா" என்றாய். பிறகுதான் உண்மையான விஷயத்தைச் சொன்னாய். "கூட வந்த சார் என்னை ரூம்லயே இருக்கச் சொல்லுதாரு. இப்பிடியே வந்தா கம்பெனிக்குக் கேவலமாம். அவரே பேசிக்கிடுவாராம்."

"நீ செஞ்ச வேலைய அவரு சொல்லுவாரா?"

"பாதி சொல்லுவாரு."

"மீதி?"

  ஹாம்பர்க் துறைமுகத்துக்கு நீ ஒரு வருடமாக உட்கார்ந்து எழுதிய கணினி வேலை அது. எந்தச் சரக்குப் பெட்டகம் எந்தக் கப்பலில் ஏற வேண்டும் என்று கணக்குப் போடுகிற வேலை என்று எனக்கு ஒருமுறை சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவையும் ஊறுகாய் பாட்டிலையும் நகர்த்தி நகர்த்திக் காட்டினாய். அதை விளக்க உன்னைவிட்டால் ஆள் இல்லை என்பது உனக்கும் தெரியும், அந்த சாருக்கும் தெரியும். "போ" என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு இப்பால் வயிறு நிறையச் சோறு தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பவன், பூனைச் சட்டையோடு நிற்கிற உன்னைப் பார்த்து "தைரியமாப் போ" என்று சொல்வது சுலபம். அப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்பதை நீ இன்னும் முழுசாகக் கேட்டதில்லை.

எங்கள் கல்யாண ஆல்பத்தில், சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, நீ விரலை வைத்து "இதுல மாப்பிள்ளை யாருப்பா" என்று கேட்டாய். ஞாயமான கேள்விதான். என் இரண்டு பக்கமும் நிற்கிற தோழன்மார் கோட்டும் டையுமாக இருக்கிறார்கள். பெரியப்பா கோட்டு போட்டிருக்கிறார். போட்டோவுக்கு வெளியே பாதி நிற்கிற யாரோ ஒருவர்கூடக் கோட்டு போட்டிருக்கிறார். நடுவில் நான் மட்டும் வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, பந்திக்குத் தண்ணீர் வைக்க வந்தவன் மாதிரி. 'பெட்டி வரலை, அதான்' என்று அன்றைக்கு உன்னிடம் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். அது அவ்வளவு சுருக்கமான விஷயமில்லை.

நான் அப்போது பஹ்ரைனில் ஏசி மெக்கானிக். கல்யாணத்துக்கென்று மனாமாவில் ஒரு தையல்காரரிடம் கருநீலத்தில் சூட் தைத்தேன். மூன்று தடவை போட்டுப் பார்த்துத் திருத்தச் சொன்னேன். எங்கள் சபையில் கல்ஃபிலிருந்து வருகிற மாப்பிள்ளை ஆலயத்தில் எப்படி வந்து நிற்பான் என்று ஊரே பார்க்கும். அருமனையில் ரப்பர் வெட்டுகிறவனின் மகன் என்பதை அந்தக் கோட்டு மறைத்துவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். அதை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்து, அதற்கு மேல் போர்வை, பேரீச்சம்பழம், பால்பவுடர் டின், எல்லா அக்காமாருக்கும் சென்ட் பாட்டில் என்று அடுக்கி, பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினேன். பம்பாயில் விமானம் மாறினேன். திருவனந்தபுரத்தில் நான் இறங்கினேன். பெட்டி இறங்கவில்லை.

தினமும் போய்க் கேட்டேன். அடுத்த விமானத்தில் வரும் என்றார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாளும் அதையே சொன்னார்கள். உன் அத்தை வீட்டு மாமா தன்னுடைய கோட்டைக் கொடுத்தார். அவர் உடம்பு உனக்குத் தெரியும். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். கை விரல் வெளியே தெரியவில்லை. கழற்றிக் கட்டிலில் போட்டேன். உன் பெரியப்பாவிடம் சொன்னேன்: "அண்ணே, கல்யாணத்தை ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கிடலாம்."

அண்ணன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சைக்கிளை எடுத்து மெயின்ரோடு வரை போய், அங்கே நிறுத்திவிட்டு, பஸ் பிடித்துக் கொட்டாரத்தில் இருந்த பெண் வீட்டுக்குப் போனார். அங்கே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்களாம். விஷயத்தைச் சொன்னதும் உன் தாத்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். சமையல்காரர் வந்தாயிற்று, போதகர் வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருக்கிறார். அது போகட்டும், தள்ளிவைத்த கல்யாணத்தைப் பற்றி ஊர் என்ன பேசும்? மாப்பிள்ளைக்கு வேறு எங்கோ தொடுப்பு என்று பேசும். பெண்ணுக்கு ஏதோ குறை என்று பேசும். கண்ணாடி முன் நின்ற எனக்கு இதெல்லாம் தோன்றவே இல்லை. என் தோள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

உன் அம்மா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கல்யாணப் பெண் முந்தின நாள் வெளியே வந்து மாப்பிள்ளையின் அண்ணனிடம் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. வந்தாளாம். "பெட்டிதானே வரல்ல? ஆளு வந்தாச்சுல்லா?" என்றாளாம். பிறகு, "வேட்டியும் சட்டையும் உடுத்திட்டு வரச் சொல்லுங்க. நான் கோட்டையா கலியாணம் கெட்டப் போறேன்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாளாம். அண்ணன் வந்து இதை அப்படியே எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. "லேய், நல்ல இடத்துலதான்டே பெண்ணு எடுத்திருக்கோம்" என்றார்.

மறுநாள் மார்த்தாண்டத்தில் கடை திறக்கக் காத்திருந்து வாங்கிய வேட்டியோடு ஆலயத்தில் நின்றேன். பாட்டு முடியும்வரை எனக்கு எல்லோருடைய கண்ணும் என் இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது என்று தோன்றியது. பிறகு அவள் வந்து பக்கத்தில் நின்றாள். போதகர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதன்பிறகு வேட்டி ஞாபகம் வரவில்லை. ஆனால் மக்ளே, அவள் வந்து நிற்கும்வரை நான் பட்டது இருக்கிறதே, அதை யாரும் சின்ன விஷயம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உடுப்பு ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் எப்போதும் சரியான உடுப்போடு நிற்கிறவர்கள்தான்.

பெட்டி கல்யாணம் முடிந்து எல்லா விருந்தும் ஓய்ந்த பிறகு வந்தது. கோட்டின் முதுகில் பால்பவுடர் டின் வட்டமாகப் பதிந்திருந்தது.

அதனால்தான் ஹாம்பர்க்கில் நீ செய்ததை அம்மா உன்னிடம் போனில் கேட்டு வந்து சொன்னபோது, மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னேன். நீ சட்டையைத் திருப்பிப் போட்டு, பூனை உள்ளே போகும்படி உடுத்தி, மேலே குளிருக்கு எடுத்துப்போன துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாய். முதலில் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாயாம். பிறகு யாரோ ஒரு கேள்வி கேட்க, அந்த சார் தடுமாற, நீ எழுந்து பலகைக்குப் போய்ப் படம் போட்டுக் காட்டினாயாம். எனக்காவது உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். உனக்கு அங்கே யார் இருந்தார்கள்? நீ தனியாகத்தான் எழுந்து போனாய்.

ஆனால் நீ வீட்டுக்கு வந்தபோது அதைப் பற்றிப் பேசவில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போது அங்கே ஒரு அம்மாள், "இந்தப் பெண் யார், படிக்கிற பிள்ளையா" என்று கேட்டதையும், அந்த சார் "எனக்கு உதவிக்கு வந்திருக்கிறாள்" என்று சொன்னதையும்தான் பேசினாய். "என் கோட்டு இருந்திருந்தா அப்பிடிச் சொல்லியிருப்பாராப்பா?" என்று கேட்டாய். சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன், மக்ளே. கோட்டு இருந்திருந்தால் நீ அங்கேயே திருத்தியிருப்பாய், அவ்வளவுதான் வித்தியாசம். இனிமேல் அந்த ஊருக்கே போகமாட்டேன், சென்னை ஆபீசிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்று மேலதிகாரிக்கு எழுதிவிட்டதாகச் சொன்னாய். உன் அத்தை வந்து, "ஒரு ஜோடித் துணிய கைப்பையில வெச்சிருக்கப்பிடாதா, படிச்ச பிள்ளைதானே" என்றாள். நீ எழுந்து மாடிக்குப் போய்விட்டாய். அத்தை சொன்னதில் தவறில்லை, சொன்ன நேரம்தான் தவறு. நான் அன்றைக்கு அவளைக் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். உனக்குத் தெரியாது.

அத்தை சொன்ன அந்த ஒன்றைத்தான் இப்போது நானும் சொல்லப் போகிறேன். இறங்கியதும் முதல் நாள் எதை உடுத்த வேண்டுமோ அது உன் கையைவிட்டுப் போகக் கூடாது. ஒரு கோட்டு, ஒரு கால்சட்டை, ஒரு சட்டை, ஒரு ஷூ. மீதி எல்லாம் கீழே சரக்கோடு போகலாம், தொலைந்தால் மறுநாள் வரட்டும். கைப்பெட்டிக்கு ஏழு கிலோ என்கிறார்கள். பெட்டியே பாதி எடையைத் தின்றுவிட்டால் துணி எங்கே வைப்பது? ஆகவே கடையில் முதலில் காலிப் பெட்டியைத் தூக்கிப் பார். நடுவில் பிளந்து இரண்டு தட்டாகத் திறக்கிற கெட்டிப் பெட்டி அடி தாங்கும், ஆனால் கோட்டுக்கு அது ஒத்துவராது. ஒவ்வொரு பாதியும் ஆழமில்லாமல் இருக்கும், கோட்டை இரண்டாக ஒடிக்க வேண்டி வரும். மேலே மூடி திறக்கிற, ஆழமான பெட்டியில் அது நிம்மதியாகப் படுக்கும். ஆண்கள் தோளில் மாட்டிக்கொண்டு போகிற நீளமான சூட் பை உனக்கு வேண்டாம். உன் கோட்டு குட்டை, பெட்டிக்குள்ளேயே அடங்கும்.

அடுக்கும்போது கால்சட்டையை நீளமாக விரித்து, அதன் மேல் சட்டைகளை வைத்து, கால்சட்டையின் தொங்குகிற பாதியைத் திருப்பிப் போட்டு மூடு. கோட்டின் ஒரு தோளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மற்றத் தோளை அதற்குள் செருகி, நடுவில் மெத்தென்று ஏதாவது துணியை வைத்து மடி. சலவைக்காரர் தருகிற மெல்லிய பிளாஸ்டிக் உறையைத் தூக்கி எறியாதே. அதற்குள் போட்டு வைத்தால் துணி வழுக்கிக்கொண்டே இருக்கும், கோடு விழாது. கனமானது சக்கரத்துப் பக்கம், கோட்டு எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே. அறைக்குப் போனதும் முதல் வேலையாக அதை எடுத்துக் குளியலறையில் மாட்டிவிட்டு வெந்நீரில் குளி. அந்த ஆவி போதும். இதெல்லாம் நான் கண்டுபிடித்ததில்லை. உன்னை ஏற்றிவிடுமுன் ராத்திரி ராத்திரியாக வீடியோ பார்த்தேன். அம்மாவின் பழைய சுடிதார் ஒன்றை மடித்து மடித்துப் பழகினேன்.

முந்திரிக்கொத்து டின் விஷயத்தில் அம்மாவோடு சண்டை போட்டது உனக்குத் தெரியும். கைப்பெட்டிக்குள் வைத்தே தீருவேன் என்று நின்றாள். பெரிய பெட்டிக்கு மாற்றச் சொல்லி ஒருவழியாகச் சமாதானம் செய்தேன். ஆனால் இனி வருகிற ஒவ்வொரு பயணத்திலும் அவள் எதையாவது திணிக்கத்தான் செய்வாள். அதற்கு எப்போதும் கொஞ்சம் இடம் விட்டு வை. பெட்டியை அகலப்படுத்துகிற இரண்டாவது ஜிப்பை மட்டும் திறக்காதே. திறந்தால் அது விமானத்தின் மேல்தட்டில் அடங்காது, வாசலில் வாங்கிக் கீழே அனுப்பிவிடுவார்கள்.

கடைக்குப் போன கதையைக் கடைசிக்கு வைத்தேன். அந்தத் துறைமுகக்காரர்கள் உன் கம்பெனிக்கு எழுதியிருந்தார்கள் அல்லவா, பலகையில் படம் போட்ட பெண்ணையே அனுப்புங்கள் என்று. நீ அதை எங்களிடம் சொன்ன விதம், பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்கிற மாதிரி இருந்தது. போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. மறுநாள், "அப்பா, நாரோல் டவுண் வரைக்கும் போயிட்டு வருவமா, ஒரு பெட்டி பாக்கணும்" என்றாய். பெட்டி சென்னைக்கும் தேவைதானே. அதனால் அப்போதும் நான் கேட்கவில்லை.

வடசேரியில் அந்தக் கடைக்குள் நான் உன்னை நிறையச் சங்கடப்படுத்தினேன். ஒவ்வொரு பெட்டியின் கைப்பிடியையும் முழுசாக இழுத்து ஆட்டினேன். ஆடுகிற கைப்பிடி ஒரு வருடம்கூட வராது. ஜிப்பின் பல்லை நகத்தால் நெருடிப் பார்த்தேன். "அப்பா, எல்லாரும் பாக்குதாவ" என்றாய். கடைக்காரர் நான்கு சக்கரப் பெட்டியை ஒரு விரலால் தள்ளி, அது தானாக ஓடுகிற அழகைக் காட்டினார். எனக்கும் பிடித்துப்போயிற்று. நீதான் வேண்டாம் என்றாய். அங்கே தெருவெல்லாம் கல் பாவியிருக்கிறது, போன தடவை பின்னால் வந்துசேர்ந்த பெட்டியை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகும்போது சின்னச் சக்கரம் கல்லிடுக்கில் சிக்கி ஒன்று கழன்றே போயிற்று என்றாய். இரண்டு பெரிய சக்கரம் உள்ள அடர்பச்சைப் பெட்டி ஒன்றை நீயே எடுத்தாய். நான் குனிந்து அதன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் உன்னிடம், "எங்க போறதுக்கு எடுக்கிய? பக்கமா, தூரமா?" என்று கேட்டார்.

"ஹாம்பர்க்" என்றாய். "மாசம் ஒருக்கா போவ வேண்டி வரும். கோட்டு கசங்கப்பிடாது, அதான்."

அப்படித்தான் நான் தெரிந்துகொண்டேன். சக்கரத்தைப் பார்த்து முடிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலி என்று நீ நினைத்துக் கை கொடுத்தாய்.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் உனக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே நீ ரப்பர் மரங்கள் பக்கமாக நடந்து போய்விட்டாய். அதனால் இதை நீ பார்க்கவில்லை. அம்மா வாசலுக்கு வந்து, "பெட்டி கெடச்சுதா?" என்று கேட்டாள்.

"போறாளாம்" என்றேன்.

அவள் படியிறங்கி வந்து டிக்கியைத் திறந்தாள். நான் எடுக்கிறேன் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், ஒன்றுமே இல்லாத அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா